கடையைப் பார்த்த பிறகு விசிட்டிங் கார்டைக் கொடுங்கள்

கணக்கு எழுதிக் கொடுக்கிறோம், வெப்சைட் செய்து தருகிறோம், பில் போடுகிற சொப்ட்வெயார் போட்டுத் தருகிறோம் என்று தொழில் தொடங்கியிருக்கிற தம்பி தங்கச்சிமாரே, யாரிடம் வேலை கேட்டுப் போகப் போகிறீர்கள் என்றால் "எல்லாக் கடைக்கும்" என்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கும் சுன்னாகம் சந்தை வெங்காய வியாபாரிக்கும் ஒரே நோட்டீஸை நீட்டினால் இரண்டு பேருமே வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள்.

காங்கேசன்துறை வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் போய்க் கொஞ்சம் ஆணி வாங்குங்கள். பில் கையால் எழுதியதா, பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருக்கிறதா, வற் (பெறுமதி சேர் வரி) இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சற்று ஒதுங்கி நில்லுங்கள். மேசன்மார் வந்து சீமெந்து எடுப்பார்கள், காசு கைமாறாது, முதலாளி சீ.ஆர். கொப்பியில் பெயரையும் எத்தனை பை என்பதையும் மட்டும் குறிப்பார், பழைய கடன் கட்ட ஒருவர் வந்தால் அவருடைய பக்கத்தைத் தேடி முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிக்கொண்டே நிற்பார். அவருடைய தலையிடி எது என்று உங்களுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

வற் கணக்குச் செய்பவர்களுக்கு இன்னொன்று. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது, பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையும் 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடிக்கு இறங்கியது. 6 கோடி என்றால் நாளுக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல், நல்ல ஹாட்வெயார் கடைக்கு அது பெரிய தொகை இல்லை. எல்லை மாறக்கூடியது, ஆகவே போக முதல் இறைவரித் திணைக்களத்தின் கடைசி அறிவித்தலைப் பாருங்கள். இதைச் சின்ன சலூனில் போய்ச் சொல்லாதீர்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். கலியாண மண்டபக்காரருக்கு ஆடியிலும் மார்கழியிலும்தான் இருந்து கதைக்க நேரம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பக்கத்து விடுதிக்காரரிடம் போகவே வேண்டாம். கடையில் இருப்பவர் தம்பியாகவும், முடிவெடுக்கிற அண்ணர் ரொறன்ரோவிலுமாக இருக்கலாம், அதையும் மெதுவாக விசாரியுங்கள். ஆனால் தொழிலை விட்டு அவர்களின் குடும்பக் கதையைக் கிண்டாதீர்கள், இந்த ஊரில் அது அடுத்த நாளே அவர் காதுக்குப் போய்விடும்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த ஹாட்வெயார் முதலாளியிடம் போய், "அண்ணை, ஆர் ஆர் எவ்வளவு தரவேணும் எண்டு மாசக் கடைசியில ஒரு தாளில எடுத்துத் தரட்டோ?" என்று கேளுங்கள். முதல் மாதம் அதை மட்டும் செய்து கொடுங்கள், மற்றச் சேவைகளைப் பற்றி அவர் கேட்டால் சொல்லலாம்.