பதினேழு முறை ஒமாஹா

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளின் பேஸ்பால் சீசன் முடிந்து கோப்பை கொடுக்கும் நாள் இது. இந்த ஃபுளோரிடா மாநிலத்தின் தலைநகரான தல்லஹாசியில் நாற்பது சீசன் வேலை பார்த்த ஒரு பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அவர் பெயர் மைக் மார்ட்டின். சட்டையில் எண் 11. ரசிகர்கள் அவரை 'லெவன்' என்றே கூப்பிடுவார்கள்.

ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு 1980 முதல் 2019 வரை அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். மொத்தம் 2,029 வெற்றிகள். ஒரு சீசனில்கூட நாற்பது வெற்றிக்குக் கீழே போனதில்லை. பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை ஏறக்குறைய அறுபது ஆட்டம் ஆடும் விளையாட்டில் நாற்பதை ஒருமுறை தொடுவதே நல்ல சாதனை. மாணவர்கள் மூன்று நான்கு ஆண்டில் போய்விடுவார்கள். நன்றாக ஆடுகிறவனை தொழில்முறை அணிகள் அதற்கு முன்பே அழைத்துக்கொள்ளும். ஆகவே அவர் நாற்பது ஆண்டும் ஓர் அணியை வைத்து ஜெயிக்கவில்லை. அணியைத் திரும்பத் திரும்பப் புதிதாகக் கட்டினார்.

ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொரு கணக்கு. கல்லூரி பேஸ்பாலின் இறுதிக் கட்டம் நெப்ராஸ்காவில் உள்ள ஒமாஹா நகரில் நடக்கும். அங்கே தன் அணியை 17 முறை கூட்டிப் போனார். பட்டம் ஒருமுறையும் கிடைக்கவில்லை. 1986இல் இறுதி ஆட்டத்தில் அரிசோனாவிடம் 10-2. 1999இல் மறுபடியும் இறுதி ஆட்டம், மயாமியிடம் 6-5. ஒரே ஒரு ரன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

ஒமாஹாவில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேசியப் போட்டிக்கு 64 அணிகள் தேர்வாகும். இரண்டு சுற்று தாண்டி எட்டு அணிகள் ஒமாஹா போகும். அங்கே இரண்டு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நூறு பந்து வீசிய பிட்ச்சருக்குப் பல நாள் ஓய்வு தேவை. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி கூடுதல் ஆட்டங்கள் ஆடித்தான் மேலே வர முடியும் என்பதால், நல்ல பிட்ச்சர்கள் தீர்ந்துபோவார்கள். ஆண்டு முழுக்க ஜெயித்த அணியும் இரண்டே ஆட்டத்தில் வீட்டுக்குப் போகலாம். 2008இல் அப்படித்தான் ஆனது. அந்த ஆண்டு நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்று பரிசு வாங்கிய பஸ்டர் போஸி மார்ட்டினின் அணியில்தான் இருந்தார். வரிசையாக இரண்டு தோல்வி, அவ்வளவுதான். அதே போஸி பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் மூன்று முறை, அந்த ஆட்டத்தின் உச்சப் பட்டமான உலகத் தொடரை வென்றார். வீரரும் சரி, பயிற்சியாளரும் சரி, குறைந்தவர்கள் இல்லை.

ரசிகர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஒமாஹா போகாத அணியின் ரசிகர் போனாலே போதும் என்பார். பலமுறை பார்த்தவருக்கு அது போதாது. அந்த எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டவரே மார்ட்டின்தான். நாற்பது வெற்றி என்பது அவர் சம்பாதித்தது என்று யாரும் நினைக்கவில்லை. அது அவர் தரவேண்டிய பாக்கி என்று ஆகிவிட்டது. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

பட்டம் வாங்கியிருந்தால் நிம்மதியாக விட்டிருப்பார்களா? இன்னொரு கல்லூரிப் பயிற்சியாளர் ஆகி கரிடோவைப் பாருங்கள். ஐந்து பட்டம் வென்றவர், அவற்றில் இரண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக. 1,975 வெற்றிகள். 2016இல் 25 வெற்றி, 32 தோல்வி என்று ஒரு சீசன் சரிந்தது. பயிற்சியாளர் பொறுப்பு போயிற்று. அவருடைய அந்த வெற்றி எண்ணிக்கையைத்தான் மார்ட்டின் 2018இல் தாண்டினார்.

லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மன் ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஸ்மோக் லாவல் ஐந்து ஆண்டில் இரண்டு முறை ஒமாஹா போனார். வேறு ஊராக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். 2006இல் ஒரே ஒரு முறை தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை, பதவி விலகினார்.

மார்ட்டினின் கடைசி சீசன் 2019. அணி தட்டுத் தடுமாறித்தான் தேசியப் போட்டிக்குள் வந்தது. பிறகு லூசியானா ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தி ஒமாஹா சேர்ந்தது. ஆர்கன்சாவை 1-0 என்று வென்றார்கள். அடுத்த இரண்டும் தோல்வி. அவருக்கு அப்போது 75 வயது.

அடுத்து அவர் மகன் பொறுப்பேற்றார். கொரோனாவால் பாதியில் நின்ற சீசன் ஒன்று, முழு சீசன் இரண்டு. அந்த இரண்டிலும் அணி தேசியப் போட்டிக்குப் போனது, முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2022இல் அவரை விடுவித்தார்கள். அப்பா போட்ட கோடு பிள்ளைக்கு எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, என் மகனின் பயிற்சியாளரைப் பார்த்துக் கத்தியவன்தான். முந்தைய ஆண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தவர் அவர். இந்த ஆண்டு பையனை ஏன் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டும்வரை பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பையனுக்குத் தோளில் வலி இருந்தது, அதை அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மார்ட்டின் 2024 பிப்ரவரி 1 அன்று காலமானார். அந்த ஜூனில் அவருடைய அணி மறுபடியும் ஒமாஹா போனது. பயிற்சியாளர் லிங்க் ஜாரெட், மார்ட்டினிடம் ஆடிய பழைய மாணவர். முதல் ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ்வரை முன்னிலையில் இருந்து, டென்னசியிடம் 12-11 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு பட்டம் டென்னசிக்கு.

சரி, பிள்ளைகள் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள். கோப்பை கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுத்த நம் ஐந்து பயிற்சியாளர்களும் மேடைக்கு வர வேண்டும்.