ஆர்.பி.எம்., ஹெர்ட்ஸ், ரேடியன்: இடையில் நிற்கும் 2π

[திரை: சுழலும் தட்டு. விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி.]

7200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 7200 சுற்று. 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 120 சுற்று, அதாவது 120 ஹெர்ட்ஸ். இதுவரை சிக்கலே இல்லை. ரேடியனுக்குப் போகும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

[திரை: ஆரத்தின் நீளமுள்ள வில் துண்டுகள் விளிம்பில் ஒவ்வொன்றாக ஒட்டுகின்றன.]

ஆரம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் புள்ளி விளிம்பில் நகர்ந்தால் அது திரும்பிய கோணம் 1 ரேடியன். ஆறு துண்டுகளை ஒட்டிய பிறகும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது, பாருங்கள். முழுச் சுற்றுக்கு 6.283 துண்டு வேண்டும். அதுதான் 2π. ஆகவே 120 சுற்றை 2π-ஆல் பெருக்கினால் கோணத் திசைவேகம் விநாடிக்கு 754 ரேடியன்.

[திரை: ω = 2πf (ω: கோணத் திசைவேகம், f: விநாடிக்கு எத்தனை சுற்று)]

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரேடியன் என்பது நீளத்தை (வில்) நீளத்தால் (ஆரம்) வகுத்து வருவது, அதனால் அதற்குப் பரிமாணம் கிடையாது. அதனால் ஹெர்ட்ஸ், ரேடியன்/விநாடி இரண்டின் பரிமாணமும் 1/விநாடிதான். 2π விட்டுப்போனாலும் பரிமாணச் சோதனை, அதாவது இரு பக்க அலகுகளும் பொருந்துகின்றனவா என்ற சோதனை, அதைக் காட்டிக்கொடுக்காது. நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்: கையில் இருப்பது சுற்றின் கணக்கா, கோணத்தின் கணக்கா?

[திரை: v = ωr (v: வேகம், r: மையத்திலிருந்து தூரம்)]

மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளியிருக்கும் புள்ளியின் வேகம் என்ன? 754 × 0.04, விநாடிக்கு 30 மீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்! 754-க்குப் பதில் 120-ஐப் போட்டால் வருவது வெறும் 4.8 மீட்டர். அலகு சரியாகவே இருக்கும், விடை மட்டும் தப்பு. இந்தச் சூத்திரத்துக்கு ரேடியன்தான் வேண்டும். டிகிரியும் ஆகாது. டிகிரியில் கொடுத்திருந்தால் 360-ஆல் வகுத்துச் சுற்றுக்கு வந்துவிடுங்கள், பிறகு 2π-ஆல் பெருக்குங்கள்.

திரும்பி வருவது சுலபம். விநாடிக்கு 100 ரேடியனை 2π-ஆல் வகுத்தால் 15.9 ஹெர்ட்ஸ். அதை 60-ஆல் பெருக்கினால் சுமார் 955 ஆர்.பி.எம்.

[திரை: 1 ஆர்.பி.எம். = 2π/60 ≈ 0.105 ரேடியன்/விநாடி]

0.105 என்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. ஆகவே மனக்கணக்காகவே விடையைச் சரிபார்க்கலாம்: 7200-இல் பத்தில் ஒன்று 720, நமக்குக் கிடைத்தது 754. பொருந்துகிறது. 45,239 என்று வந்தால் 60-ஆல் வகுக்க மறந்திருக்கிறீர்கள். 120 என்றே நின்றால் 2π விட்டுப்போயிருக்கிறது.