சுரங்க ரயிலுக்கு ஓய்வுக்குப் பின் ஒரு வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

ரயில் பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்தவர்களிடம் போய், ஒரு பெட்டியின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. "எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள்?" என்பார்கள். பழைய நீல நிற ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று பராமரிப்புக்கு உள்ளே வந்தால், நாங்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு முதலில் போய்த் தட்டிப் பார்ப்பது கழிப்பறைக்கு அடியில் இருக்கிற சட்டத்தைத்தான். அங்கேதான் தண்ணீர் நிற்கும். மேலே இருக்கை, விசிறி, ஜன்னல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கீழே தட்டினால் துரு செதில் செதிலாகக் கையில் வரும். அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து அனுப்புவோம். பெட்டியின் மற்ற பாகமெல்லாம் இன்னும் பத்து வருஷம் தாங்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று நான் பேசப்போகும் ரயிலுக்குக் கழிப்பறையே கிடையாது. உடம்பும் இரும்பில்லை, அலுமினியம்.

லண்டன் சுரங்க ரயிலில் டிஸ்ட்ரிக்ட் லைன் என்று ஒரு தடம். அதில் 1980 முதல் ஓடியவை டி78 வகை ரயில்கள். பர்மிங்காமில் மெட்ரோ-கேமல் தொழிற்சாலை கட்டிக் கொடுத்தது. ஆறு பெட்டி கொண்ட ரயில்கள் மொத்தம் 75. ஓடத் தொடங்கி இருபது வருஷம் கழித்து அவற்றின் போகிகளை, அதாவது சக்கரமும் வில்லும் சேர்ந்த கீழ்ச்சட்டத்தை, முழுவதுமாகப் புதிதாக மாற்றினார்கள். பிறகு உள்ளேயும் புதுப்பித்தார்கள். அதெல்லாம் முடிந்து சில வருஷங்கள்கூட நன்றாக ஓடவில்லை, ஆழம் குறைந்த சுரங்கத் தடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான புது ரயில் என்று லண்டன் முடிவு செய்துவிட்டது. 2017 ஏப்ரலில் கடைசி டி78 சேவையிலிருந்து விலகியது. ஓடமுடியாமல் நின்றவை அல்ல அவை. இடம் இல்லை என்று வெளியே அனுப்பப்பட்டவை.

வழக்கமாக இப்படி வெளியே போகிற பெட்டிகள் உடைப்பதற்குப் போகும். பழைய அலுமினியத்துக்கு நல்ல விலையும் உண்டு. இங்கேதான் ஏட்ரியன் ஷூட்டர் வருகிறார். சில்டர்ன் ரயில்வேஸ் என்ற நிறுவனத்தை நடத்திப் பெயர் எடுத்தவர். அவருடைய ரயில் பித்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தன் வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, 1889-ல் கட்டிய டார்ஜிலிங் மலை ரயிலின் நீராவி எஞ்சின் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பொம்மை இல்லை, டார்ஜிலிங்கில் மலையேறிய அசல் எஞ்சின். இப்படிப்பட்டவருக்கு ஓடக்கூடிய ரயிலை உடைக்க மனம் வருமா? விவாரயில் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். டி78 பெட்டிகளில் இருநூறுக்கு மேல் வாங்கி, வார்விக்ஷயரில் லாங் மார்ஸ்டன் என்ற இடத்தில் நிறுத்தினார்.

அவருடைய கணக்கு இதுதான். பிரிட்டனில் மின்கம்பி போகாத கிளைப் பாதைகள் ஏராளம். அவற்றில் பல ஊர்களில் அப்போது ஓடியவை பேசர் என்ற வண்டிகள். 1980-களில் பஸ் உடம்பை எடுத்து, இரண்டே அச்சுள்ள சட்டத்தின் மேல் வைத்துச் செய்தவை. வளைவில் கிறீச்சிடும், தூக்கிப் போடும், ஏறுகிறவர்கள் எல்லோரும் திட்டுவார்கள். அவற்றை எடுத்துவிட்டுப் புது ரயில் வாங்கப் பணம் அதிகம். ஓட்டைக் காசு வருகிற கிளைப் பாதையில் எவன் முதலீடு செய்வான்? அதனால் நல்ல உடம்புள்ள பழைய ரயிலுக்குப் புது இதயம் வைப்போம் என்றார் ஷூட்டர்.

சுரங்க ரயிலுக்கு எஞ்சின் கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று கூடுதலாக இரண்டு தண்டவாளம் போட்டு, அதிலிருந்து கீழே தொங்கும் காலணிகள் என்ற உலோகத் துண்டுகள் வழியாக மின்சாரம் எடுத்து ஓடும். அந்த மின்சாரத்தை வண்டிக்குள்ளேயே தயாரித்துக் கொடுத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் ஓடும் அல்லவா? அதற்கு விவாரயில் எடுத்தது ஃபோர்ட் நிறுவனத்தின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின். ஆமாம், வேனில் வருகிற அதே வகை. ஒரு பெட்டிக்கு இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றும் ஜெனரேட்டரோடு சேர்த்து ஒரு தட்டில் பொருத்தப்பட்டது. பழைய நேர்மின் மோட்டாரைக் கழற்றிவிட்டு மாறுமின் மோட்டார் வைத்தார்கள். சில கதவுகளை அடைத்து இருக்கைக்கு இடம் செய்தார்கள். கழிப்பறையும் கட்டினார்கள், கிளைப் பாதையில் ஒரு மணி நேரம் போகிறவருக்கு அது வேண்டுமே. இருபது வருஷம் கழித்து அந்தக் கழிப்பறைக்கு அடியில் யாராவது சுத்தியலோடு போவார்கள். அலுமினியம் என்பதால் எங்கள் அளவுக்குக் கஷ்டம் இருக்காது.

அந்த எஞ்சின் தட்டுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சாதாரணமாக டீசல் ரயிலில் எஞ்சின் பழுதானால் வண்டியைப் பணிமனைக்கு இழுத்துப் போய், தூக்கி நிறுத்தி, அடியில் நுழைந்து கழற்ற வேண்டும். இரண்டு நாள் போய்விடும். இதில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்து, போல்ட்டைக் கழற்றி, பழைய தட்டை இறக்கி, புதுத் தட்டை ஏற்றிவிடும். பத்து நிமிஷ வேலை என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு சீக்கிரம் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான், துரு ஏறிய ஒரு போல்ட் போதும் ஒரு மணி நேரத்தை விழுங்க. ஆனால் யோசனை நல்ல யோசனை.

தொடக்கமே சறுக்கியது. 2016 டிசம்பர் 30, கெனில்வொர்த் பக்கம் சோதனை ஓட்டத்தில் எஞ்சின் பகுதியில் தீப்பிடித்துவிட்டது. பெரும்பாலும் எரிபொருள் கசிவு. பயணிகள் யாரும் இல்லை. ஆனால் கவென்ட்ரி - நனீட்டன் தடத்தில் பொதுமக்களோடு ஓட்டுவதாக இருந்த திட்டம் அதோடு போயிற்று. "பழைய சுரங்க ரயிலை எங்கள் தலையில் கட்டுகிறார்களா?" என்று முணுமுணுத்தவர்களுக்கு வாய்க்குச் சக்கரை கிடைத்தது.

இருந்தும் 2019-க்கும் 2023-க்கும் இடையே மூன்று இடங்களில் இந்த ரயில்கள் பயணிகளை ஏற்றின. மூன்று கதையும் மூன்று விதம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெட்ஃபோர்டுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையே சுமார் 26 கிலோமீட்டர் தூரமுள்ள மார்ஸ்டன் வேல் பாதை. 2019 ஏப்ரலில் இரண்டு பெட்டி கொண்ட மூன்று டீசல் ரயில்கள் அங்கே ஓடத் தொடங்கின. நடத்தியது ஒரு நிறுவனம். பராமரித்துக் கொடுத்தது விவாரயில். 2022 டிசம்பர் தொடக்கத்தில் விவாரயில் நொடித்துப்போனது. அதே வாரம் அந்தப் பாதையில் ரயில் நின்றது. மூன்று ரயிலும் கண்ணெதிரே நிற்கின்றன, ஆனால் கைவைக்க ஆள் இல்லை, உதிரிப் பாகம் வாங்க இடம் இல்லை. அடுத்த வருஷம் நவம்பரில் வேறு வகை டீசல் ரயில் வரும்வரை, ஏறக்குறைய ஒரு வருஷம், அந்த ஊர் மக்கள் பஸ்ஸில்தான் போனார்கள். அதே டிசம்பரில் ஷூட்டரும் காலமானார்.

இப்போது வேல்ஸுக்குப் போவோம். ரெக்ஸமிலிருந்து பிட்ஸ்டன் வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகிற பாதை. வேல்ஸ் அரசின் போக்குவரத்து நிறுவனம் மூன்று பெட்டி கொண்ட ஐந்து ரயில்களை வாங்கியிருந்தது. இவை கலப்பு வகை. இரண்டு முனைப் பெட்டிகளில் பேட்டரி, நடுப் பெட்டியில் டீசல் ஜெனரேட்டர்கள். கிளம்பும்போது இழுப்பது பேட்டரி. பிரேக் போடும்போது அந்த ஆற்றல் திரும்பப் பேட்டரிக்குள் போகும். ஜெனரேட்டர் சீராக ஓடிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். சொன்ன தேதியில் வரவில்லை, வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஓடத் தொடங்கியது எப்போது தெரியுமா? 2023 ஏப்ரல். கட்டிக் கொடுத்த நிறுவனம் மூழ்கி நான்கு மாதம் ஆகியிருந்தது! பராமரிப்பு வேல்ஸ் போக்குவரத்து நிறுவனத்தின் கையில் இருந்ததால் ஓட்ட முடிந்தது. கோளாறுகள் இல்லாமலில்லை. ஆனால் ஓடின.

மூன்றாவது, ஐல் ஆஃப் வைட் தீவு. மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது அந்த ரயிலில் ஏறினேன். ரைட் என்ற ஊரில் கடலுக்குள் 700 மீட்டர் போல நீளும் பாலத்தின் நுனியில் படகு வந்து சேரும். படகை விட்டு இறங்கினால் எதிரே ரயில் நிற்கும். அங்கிருந்து ஷாங்க்ளின் வரை சுமார் 14 கிலோமீட்டர். தீவில் ஒரு சுரங்கம் உயரம் குறைவு, சாதாரண ரயில் நுழையாது. அதனால் 1967-லிருந்தே லண்டன் கழித்துவிட்ட சுரங்க ரயில்களைத்தான் அங்கே ஓட்டுகிறார்கள். முதலில் 1920, 30-களில் கட்டியவை வந்தன. 1989-ல் அவற்றுக்குப் பதிலாக 1938 வகை ரயில்கள் வந்தன. அவை 2021 ஜனவரி வரை ஓடின. எண்பது தாண்டி, நம்மூரில் என்றால் சதாபிஷேகம் செய்து மாலை போட்டிருப்பார்கள்.

அந்த இடத்துக்கு வந்தவைதான் நமது டி78. 2021 நவம்பர் முதல் ஐந்து ரயில்கள். தீவில் மூன்றாம் தண்டவாளம் வழியாக மின்சாரம் ஏற்கெனவே இருப்பதால் டீசலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கூடவே பாதையையும் சீர்செய்து, பிரேடிங்கில் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க வசதி செய்து, அரைமணிக்கொரு வண்டி என்று மாற்றினார்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் கதவுச் சட்டத்தின் வட்ட முனைகள் மட்டும் லண்டனை ஞாபகப்படுத்தும். மற்றபடி புது ரயில் என்று சொன்னால் நம்பலாம். நான் தொழில் பழக்கத்தில் தரை ஓரங்களைக் குனிந்து பார்த்தேன், என் மனைவி முறைத்தாள். விவாரயில் மூடிய பிறகும் தீவில் ரயில் நிற்கவில்லை. காரணம் எளிது: ரைட்டில் அவர்களுக்கென்று பணிமனை இருக்கிறது, அரைநூற்றாண்டாகப் பழைய ரயிலோடு மல்லுக்கட்டிய கைகள் இருக்கின்றன.

ஒரே ரயில், ஒரே தொழிற்சாலை. ஸ்பேனர் யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் நின்றது, இரண்டு இடத்தில் ஓடுகிறது. பழைய ரயிலை மாற்றியமைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சின் விலை, பேட்டரி விலை என்று கணக்குப் போடுகிறார்கள். ஐந்து ரயிலுக்காக ஒரு உதிரிப் பாகத்தைப் பத்து வருஷம் யார் செய்து கொடுப்பார் என்ற கணக்கை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் வண்டியைப் படுக்க வைப்பது பெரிய பழுது இல்லை. கிடைக்காத ஒரு ரிலே, கிடைக்காத ஒரு சீல் வளையம்.

விவாரயில் விட்டுப்போனதில் உருப்படியான சொத்து என்று நான் நினைப்பது வேறொன்று. லண்டனின் மேற்கே வெஸ்ட் ஈலிங்கிலிருந்து கிரீன்ஃபோர்டு வரை ஒரு குட்டிக் கிளைப் பாதை இருக்கிறது. நான்கு கிலோமீட்டர்தான், பத்துப் பன்னிரண்டு நிமிஷப் பயணம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 2023-ல் விவாரயிலின் தொழில்நுட்பத்தையும், அதைத் தெரிந்த சில ஊழியர்களையும் எடுத்துக்கொண்டு, முழுக்க பேட்டரியில் ஓடும் டி78 ரயில் ஒன்றை 2024 முதல் அங்கே சோதித்தது. வெஸ்ட் ஈலிங் நடைமேடையில் ரயில் வந்து நிற்கும். அடியில் தண்டவாளத்தோடு சில குட்டைச் சார்ஜ் தண்டவாளங்கள். ரயில் முழுவதும் அவற்றை மூடி நின்ற பிறகுதான் மின்சாரம் பாயும், மற்ற நேரம் அது வெறும் இரும்பு, மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ரயிலின் காலணிகள் அதைத் தொடும். மூன்றரை நிமிஷத்தில் சார்ஜ் ஏறிவிடும்.

மூன்றரை நிமிஷத்தில் அவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அதில்தான் கெட்டிக்காரத்தனம். பாதையோரம் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பேட்டரித் தொகுதி. ரயில் போய்த் திரும்பி வருகிற அரைமணி நேரம், சாதாரண மின் இணைப்பிலிருந்து மெதுவாக அது நிரம்பிக்கொண்டிருக்கும். ரயில் வந்ததும் மொத்தமாகக் கொட்டிக் கொடுக்கும். புது துணைமின் நிலையம் வேண்டாம், உயர் அழுத்தக் கம்பி வேண்டாம். கிளைப் பாதைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை யோசிக்க முடியவில்லை எனக்கு, ஏனென்றால் கிளைப் பாதை ரயில் எப்படியும் முனையில் நின்றுதான் ஆகவேண்டும். 2025 ஆகஸ்டில் இதே ரயில் ஒரே சார்ஜில் 200.5 மைல், சுமார் 323 கிலோமீட்டர் ஓடியது. அதற்குமுன் இருந்த சாதனை ஜெர்மனியில் ஒரு புது ரயில் செய்த 224 கிலோமீட்டர். நாற்பது வருஷப் பழைய உடம்பு!

நம்மூரில் இப்படிச் செய்யலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம் அகல ரயில் பாதையில் பெரும்பகுதிக்கு மின்கம்பி வந்துவிட்டது, அதனால் அந்தத் தேவை நமக்குக் குறைவு. ஆனால் மாற்றியமைக்கிற வித்தை நமக்குப் புதிதில்லை. வயதான பயணிகள் பெட்டியின் ஜன்னலை அடைத்து, முனைகளில் கதவு வைத்து, கார் ஏற்றிச் செல்லும் பெட்டியாக்குவதைப் பணிமனைகள் பல வருஷமாகச் செய்கின்றன. ஹரியானாவில் ஜிந்த் - சோனிபட் பாதைக்காக டீசல் ரயிலின் எஞ்சின் பெட்டிகளை ஹைட்ரஜனுக்கு மாற்றியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.-இல் சோதனையும் நடந்தது. இங்கே பணிமனை ரயில்வேயுடையது, ஆட்கள் ரயில்வேயுடையவர்கள். பிளெட்ச்லியில் நடந்தது இங்கே அப்படியே நடக்காது. ஆனால் ஹைட்ரஜன் செல்லுக்கும் பேட்டரிக்கும் பாகம் தருகிறவர் வெளியாள். ஒப்பந்தத்தில் பத்தாவது வருஷத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

டி78 பெட்டிகள் இனி புதிதாக வராது. இருப்பவற்றில் பல உதிரிப் பாகத்துக்காகவே கழற்றப்படும். வெஸ்ட் ஈலிங் நடைமேடையில் இருக்கும் அந்தச் சார்ஜ் தண்டவாளத்துக்கு மேல் நாளைக்கு வேறு எந்த ரயிலும் வந்து நிற்கலாம், அதற்குத் தகுந்த காலணி இருந்தால் போதும். பிரிட்டனில் 2040-க்குள் டீசலை மட்டும் நம்பி ஓடும் ரயில்களை நிறுத்த வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. மார்லோ, ஹென்லி, வின்ட்சர் என்று தேம்ஸ் ஓரத்திலேயே இதே மாதிரி குட்டிக் கிளைகள் வரிசையாக இருக்கின்றன. அடுத்து எந்தக் கிளைக்கு அந்தப் பேட்டரிப் பெட்டி போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.