மெம்பர் வீட்டுப் படலை

நேயர்களுக்கு வணக்கம். பெண்கள் அரசியலில் தலைமைக்கு வந்தால் சனத்தின் மனம் மாறுமா என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தவள் நான், இதைப் பற்றி வாய் திறந்தால் மூடமாட்டேன். நேரத்தைப் பார்த்துக் கதை என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சிறிமாவோ பண்டாரநாயக்கா உங்களுக்குத் தெரிந்தவர்தான். 1960 ஜூலையில் உலகத்தின் முதல் பெண் பிரதமர். பொது அறிவுப் போட்டியில் அந்தக் கேள்வி வராத வருடம் கிடையாது. 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதி, தாய் திரும்பவும் பிரதமர். சரி, அதே இலங்கையில் 2018 வரைக்கும் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் பெண்கள். கணவரின் சாவுக்குப் பிறகு வந்தவர், தாய் தகப்பன் பேரோடு வந்தவர் என்று சனம் அவர்களைத் தள்ளி வைத்துப் பார்த்தது. அது பெரிய வீட்டுச் சங்கதி, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது ஏன் என்று விட்டுவிட்டது.

பிறகு அந்தச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. நிறையப் பேர் வட்டாரத்தில் வென்று வரவில்லை, கட்சி கொடுத்த பட்டியலில் வந்தார்கள். ‘லிஸ்ட் மெம்பர்’ என்ற இளக்காரமும் கூடவே வந்தது.

எங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் அப்படி வந்தார். தையல் மெஷினை மிதித்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். முதல் மாதங்களில் சனம் படலையில் நின்று, “தங்கச்சி, அண்ணை நிக்கிறாரோ? றோட்டு லைட் விசயமா ஒருக்கா கதைக்கோணும்” என்று கேட்கும். அண்ணை என்றது அவரின் கணவரை. கடலுக்குப் போகிற மனுசன், சபைக் கட்டடத்துக்குள் கால் வைத்தே இருக்கமாட்டார்! “இஞ்ச பார், உன்னைத்தான்” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விடுவார். மெம்பர் ஒரு எண்பது பக்கக் கொப்பியோடு வந்து, “போஸ்ட் நம்பர் என்ன?” என்பார். லைட் கம்பத்தில் எழுதியிருக்கிற நம்பர் யாருக்குத் தெரியும்? “போய்ப் பார்த்துக்கொண்டு வாங்கோ.” திட்டிக்கொண்டு போவார்கள். ஆம்பிளை மெம்பர் என்றால் இப்படி அலைக்கழிப்பாரோ என்று என் காதுபடவே சொன்னார்கள். நானும் டோர்ச் அடித்து ஒரு நம்பரை வாசித்தவள்தான், பாதி துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் நம்பர் இருந்தபடியால் வேலையாட்கள் தேடி அலையாமல் நேரே அந்தக் கம்பத்துக்கு வந்தார்கள், லைட் எரிந்தது. அடுத்த வருடம் சனம் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டே வந்தது. அண்ணைக்கு இப்போது ‘மெம்பரின் மனுசன்’ என்று பேர். பிடிக்காத மாதிரி நடிக்கிறார்.

அப்புறம், வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் அப்போது ஊராட்சித் தலைவர் பதவியில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கீடாக இருந்தது, அதுவும் முறை வைத்து ஊர் ஊராக மாறியது. எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் அந்த ஊர்களில் ஒரு தலைவரின் பேச்சை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்கள். ஒரே பேச்சு, சொல்லுக்குச் சொல் ஒன்று. சிலருக்கு ஆண் குரல், சிலருக்குப் பெண் குரல். பெண் தலைவரைக் காணாத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த புள்ளி போட்டார்கள். கண்ட ஊர்களில் அந்த வித்தியாசம் போய்விட்டது. சொல்லுக்குச் சொல் ஒன்று என்றேன், மறந்துவிடாதீர்கள்! ஆனால் தலைவர் ஆணா பெண்ணா வேண்டும் என்று நேரே கேட்டால், அந்த ஊர் ஆண்களுக்கும் ஆண்தான் வேண்டும். ஆசை அப்படியே இருக்க, மதிப்பு மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். பாராளுமன்றம் பற்றிக் குறித்து வைத்திருந்தேன். 2020இல் 225 பேரில் 12 பெண்கள், 2024இல் இருபதைத் தாண்டிவிட்டது. ஹரிணி அமரசூரிய கணவர் பேரோ தகப்பன் பேரோ இல்லாமல் பிரதமராகியிருக்கிறார். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

ஒன்று மட்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லை. லைட் போனால் சனம் அதே படலைக்குத்தான் போனது. “நான் இப்ப மெம்பர் இல்லை” என்று சொல்லிப் பார்த்தார். “அது தெரியும், நம்பரை எழுதுங்கோ” என்றார்கள். கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

வணக்கம்.