பதிவேட்டில் மனைவியின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். நான் ராணுவத்தில் கிளார்க்காகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முன்னாள் படைவீரர்களிடமும் அவர்கள் வீட்டுப் பெண்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். படையிலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், பி.பி.ஓ. என்று நாம் சொல்லும் ஓய்வூதிய ஆணையையும் இந்த வாரமே பெட்டியிலிருந்து எடுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவற்றில் எப்படி இருக்கின்றன என்று, ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தப்பு நுழையும் இடம் எனக்குத் தெரியும். படையில் சேரும்போது பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. கல்யாணம் பல வருடம் கழித்து, லீவில் ஊருக்கு வரும்போது நடக்கும். லீவு முடிந்து ஜம்முவுக்கோ அசாமுக்கோ திரும்பியதும் யூனிட் ஆபீசில் போய்ச் சொல்வார். எதிரே உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. "மனைவி பெயர்?" "தனலட்சுமி." காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவார். "பிறந்த தேதி?" அந்தக் காலத்தில் நம் கிராமத்துப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. இவரும் ஏதோ ஒரு வருடத்தைச் சொல்லி, ஜூலை ஒன்று என்று சொல்லிவிடுவார். அது பார்ட் டூ ஆர்டராக, அதாவது வீரரின் சொந்த விவரங்களைப் பதியும் ராணுவ ஆணையாக வெளியாகி, படைவீரர் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய்ச் சேரும். அதன் பிறகு பல வருடங்களுக்கு அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இதோடு நம் இனிஷியலும் சேர்ந்துகொள்ளும். ஓர் இடத்தில் அப்பாவின் இனிஷியல், இன்னோர் இடத்தில் கணவரின் இனிஷியல். ஓர் அட்டையில் பெயருக்குப் பின்னால் அம்மாள் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

எங்கள் பக்கத்தில் ஓர் அம்மா. கணவர் காலமானதும் குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டார். ராணுவப் பதிவில் பாப்பாத்தி, ஆதாரில் பாப்பாத்தியம்மாள். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க, ஊரே அறிந்த அந்த அம்மா கல்யாணப் போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறி இறங்கினார். பணம் வரும்வரை ரேஷன் அரிசியும் மகள் அனுப்பியதும்தான். கணவர் இருந்த காலத்தில், தன் பதிவைத் திருத்தச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம்.

பிறந்த தேதியையும் சாதாரணமாக விடாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும். 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50 சதவீதம். பதிவில் வயது தப்பாக இருந்தாலோ, தேதியே இல்லாமல் இருந்தாலோ அந்தக் கூடுதல் தொகை தானாக வராது. மருந்துக்குப் பணம் அதிகம் தேவைப்படுவதே அந்த வயதில்தான்.

சரி, எப்படித் திருத்துவது? முதலில், ரெக்கார்ட் ஆபீஸ் உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது இல்லை, நீங்கள் இருந்த படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நம் நீலகிரியில் இருக்கும் வெலிங்டன். எம்.இ.ஜி. என்னும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப் படையான ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இ.எம்.இ. செகந்திராபாத். விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஆதார், பான் நகல்கள் வேண்டும். மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும், பத்திரிகையில் வந்த பெயர் திருத்த விளம்பரமும் வழக்கமாகக் கேட்பார்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் எந்தப் பிரிவுக்கு எது தேவை என்று சொல்லி, அங்கிருந்தே அனுப்பி வைப்பார்கள். ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தத்தைப் பார்ட் டூ ஆர்டரில் வெளியிட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிரயாக்ராஜில் இருக்கும் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய், திருத்திய பி.பி.ஓ. வரவேண்டும். பிறகு ஸ்பர்ஷ் என்னும் ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து அங்கும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பர்ஷ் பார்க்க வீட்டில் யாருமில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையத்தில் விசாரியுங்கள்.

வீரரின் சொந்தப் பிறந்த தேதி வேறு கதை. சேரும்போது எழுதியதை ஓய்வுக்கு அப்புறம் மாற்றக் கேட்டால் அநேகமாக நடக்காது. ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங்குக்கே ராணுவத்தின் ஒரு கிளையில் 1950, இன்னொரு கிளையில் 1951 என்று பதிவாகியிருந்தது. அவர் உச்ச நீதிமன்றம்வரை போய், 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். 1950 என்பதே நின்றது. அதனால் உங்கள் பிள்ளையோ பேரனோ இப்போது படையில் சேர்கிறான் என்றால், பள்ளிச் சான்றிதழில் உள்ளதையே எல்லாப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

எழுதிப் போட்டும் பதில் இல்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பதிவின் நகலைக் கேட்கலாம். அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே அதன் அமர்வு உண்டு. ஆனால் பெயர் திருத்தம் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது.

கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் ஒன்று. கணவரின் படை எண், ரேங்க், அவர் இருந்த பிரிவு, பி.பி.ஓ. எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். அவர் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள். நன்றி, வணக்கம்.