குடியை நிறுத்துவதற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். வயிற்றெரிச்சல், தூக்கமின்மை, கால் மரத்துப்போதல், கீழே விழுந்த காயம், எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இறங்காத இரத்த அழுத்தம் என்று தினமும் பலர் வருகிறார்கள். கொஞ்சம் நிதானமாக விசாரித்தால், பலருக்கு இவற்றின் அடியில் குடி இருக்கிறது. ஆனால் குடியை விட மருந்து கொடுங்கள் என்று கேட்டு வருபவர் மிகக் குறைவு. சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கக் கூச்சப்படாத மனிதர், இதற்கு மட்டும் கூசுகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. குடியை நிறுத்த வேண்டுமானால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய், தாலியை அடகு வைத்தாவது பணம் கட்டி, ஒரு மாதம் அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை.

ஒருவரின் குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று அறிய, உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகள் இருக்கின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு, ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா என்று போகும். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 8ஐத் தொட்டால் கவனம் தேவை. 20ஐத் தொட்டால் உடல் குடிக்கு அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குறைந்த மதிப்பெண் உள்ளவர்களில் பலருக்கு, மருத்துவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதே போதுமானதாக இருக்கிறது. "அண்ணே, உங்கள் வயிற்று எரிச்சலுக்கும் சனிக்கிழமை கூலி வாங்கியதும் குடிக்கிற குவார்ட்டருக்கும் தொடர்பு இருக்கிறது" என்று நேராகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். திட்டினால் அடுத்த முறை வருவதில்லை.

தினமும் குடிப்பவர்களின் நிலைமை வேறு. இதைக் கவனமாகக் கேளுங்கள். நம் பக்கத்தில் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டும், கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டும் ஒரே நாளில் குடியை விடுகிறார்கள். அந்த வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல வருடங்கள் தினமும் குடித்த உடல், திடீரென்று நிறுத்தினால் தடுமாறிப்போகும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இருக்கிற இடமே தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். சாமி குத்தம், பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அது உயிரைப் பறிக்கக்கூடிய நோய்நிலை. 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம்.

ஆகவே கயிறு கட்டுங்கள், மாலை போடுங்கள். அதே நாளில் எங்களிடமும் வாருங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் டயசெபாம் போன்ற மாத்திரையை முதல் நாள் கூடுதலாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் நிறுத்துவோம். மாத்திரையை வீட்டில் மனைவியோ அம்மாவோ வைத்திருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதோடு சேர்த்துக் குடித்தால் மூச்சுக்கே ஆபத்து. கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின். சோறில்லாமல் குடித்துக் கிடந்தவரைத் தூக்கிவந்து "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்கள்" என்று கேட்பார்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். முதலில் தயமின் ஊசி. முன்பே வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் ஆகியோரை உள்நோயாளியாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம் என்று ஒரு பொடி விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருந்து, அவர் வெளியே போய்க் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். முறையான சிகிச்சையில் அந்த மருந்துக்கு இடம் உண்டு. அவர் அறிந்து, சம்மதித்து, பரிசோதனைகளுக்குப் பிறகு. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியவையும் உண்டு. இவற்றை மனநல மருத்துவர் தொடங்கிவைத்தால், மாதாமாதம் பார்த்துக்கொள்வதை உள்ளூரிலேயே செய்யலாம்.

நிறுத்தியவர் மறுபடி குடித்துவிட்டால், "பட்டும் திருந்தவில்லை" என்று வீட்டில் கைவிட்டுவிடுகிறார்கள். சர்க்கரை ஏறிவிட்டால் மருந்தை நிறுத்திவிடுகிறோமா? எந்த இடத்தில் சறுக்கினார், பந்தியிலா, சாவு வீட்டிலா, கூலி வாங்கிய இரவிலா என்று கேட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

என் ஆதங்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் போகிறார். அங்கேயே குடியைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் கேட்கலாம். மருத்துவர்களாகிய நாங்களும் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டும். நேரமில்லை என்று தள்ளிவிடக் கூடாது.

குடிப்பவர் வர மறுக்கிறாரா? அம்மா, நீங்கள் மட்டும் வாருங்கள், பேசுவோம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். அவரை அழைத்து வரும் நாளில் மூன்று விவரம் தெரிந்துகொண்டு வாருங்கள்: கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

வணக்கம்.