சுவருக்கு நிறம் கடைசியில்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி பாதி கடந்துவிட்டது. பொங்கலுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்ற பேச்சு இந்நேரம் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளையடிப்பது என்றுதான் இன்னும் சொல்கிறோம். ஆனால் சுண்ணாம்பை ஊறவைத்து, வெண்மை பளிச்சென்று தெரிய ஒரு துளி நீலம் கலந்து, மட்டையால் அடிக்கும் வீடுகள் குறைந்துவிட்டன. இப்போது பெயிண்ட் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் ஷேட் கார்டை விரிக்கிறார். தபால்தலை அளவில் நூற்றுக்கணக்கான கட்டங்கள். அதில் ஒன்றைத் தொட்டு, "இது நல்லாருக்கு" என்கிறோம். அந்த இடத்திலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

என் அப்பா மரத்துக்கு பாலிஷ் போடும் தொழிலாளி. அவர் கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளுக்கு நிறமும் பூச்சும் திரைச்சீலையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். இத்தனை வீடுகளில் நான் கற்றதை ஒரு வரியில் சொல்வதானால், சுவரின் நிறத்தைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. பட்டுச்சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போகிறவர் சேலையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாரா? மஞ்சள் பையில் சேலையையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார். கடையில் துணியைச் சேலையின் முந்தானை மேல் போட்டுப் பார்க்கிறார். அதோடு விடுவதில்லை. "இந்த லைட்ல சரியா தெரியலை, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டு வரேன்" என்று வெயிலுக்கு எடுத்து வருகிறார். சேலை ஒன்றுதான், மாற்ற முடியாது. ரவிக்கைத் துணியோ அலமாரி நிறைய இருக்கிறது. அதனால் சேலைக்கு ரவிக்கை, ரவிக்கைக்குச் சேலை இல்லை. வீட்டில் சுவர்தான் ரவிக்கை. பெயிண்ட் எந்த நிறத்திலும் கலந்து கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டுத் தரையையும், பாட்டி விட்டுப்போன பீரோவையும், ஏற்கனவே வாங்கிவிட்ட சோபா துணியையும் கலந்து தர எந்தக் கடையிலும் இயந்திரம் கிடையாது.

சோபா, திரைச்சீலை என்றதும் வசதியானவர்கள் வீட்டுப் பேச்சு என்று வானொலியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு இரும்பு பீரோ, ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபிரிட்ஜ். இவையும் நிறம் கொண்டவைதான். பத்துக்குப் பத்து அறையில் ஒரு பீரோ மட்டும் ஒரு சுவரில் நல்ல பங்கை மறைத்து நிற்கும். அதன் சாம்பலும் பழுப்பும் அந்த அறையின் நிறத்தில் பங்கு கேட்கும்.

முதலில் தரை. காலடியில் கிடப்பதால் அதை மறந்துவிடுகிறோம். சுவரையும் கூரையையும் விட்டால் அறையிலேயே பெரிய ஒற்றை நிறம் அதுதான். என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய ரெட் ஆக்சைடு தரை. தேங்காய் எண்ணெய் தடவித் தடவி கண்ணாடி போல் மின்னும் சிவப்பு. வீட்டுக்காரர் சுவருக்கு இளஞ்சாம்பல் கேட்டார், கார்டில் பார்க்க அமைதியாக இருந்தது, நானும் சம்மதித்தேன். அடித்து முடித்த மறுநாள் அவர் போன் செய்தார்: "நான் சாம்பல் கேட்டேன், நீங்க பச்சை அடிச்சிருக்கீங்க." போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே சுவர் பாசிபிடித்தது போல் இருந்தது. டப்பாவைத் திறந்து வெள்ளைத் தாளில் தடவினால் அதே சாம்பல்தான். அந்த வீட்டுச் சுவரைத் திரும்ப அடித்த செலவு என்னுடையது. அந்தச் செலவில் நான் படித்த பாடம் பெரியது.

பின்னாளில்தான் தெரிந்தது, இதே புதிருக்கு விடை கண்டவர் ஒருவர் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார் என்று. ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1824-இல் பாரிஸில் கோபலின் என்ற அரசு நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். சுவரில் தொங்கவிடும் சித்திரக் கம்பளங்கள் நெய்யும் இடம் அது. அங்கே ஒரு புகார்: கறுப்பு நூல் கறுப்பாக இல்லை, வெளிறித் தெரிகிறது. அவர் வேறு ஊர்க் கறுப்பு நூல்களையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததுதான் காரணம். ஒரு நிறம் தன் பக்கத்திலிருக்கும் நிறத்தைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளிவிடுகிறது. 1839-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். சிவப்புக்கு எதிர்த்திசை பச்சை. சிவப்புத் தரைக்கு மேல் நின்ற என் சாம்பல் பச்சையாகத் தெரிந்ததும் அதனால்தான்.

ஆகவே சிவப்புத் தரை உள்ளவர்கள் சாம்பலையும் நீலம் கலந்த வெள்ளையையும் தவிர்த்து, மஞ்சள் கலந்த வெள்ளையை எடுங்கள். சந்தனம், தயிர், பழைய தந்தம், இந்தச் சாயல்கள். சுண்ணாம்பின் இயல்பான வெண்மை அந்தத் தரையோடு அவ்வளவு அழகாகச் சேர்ந்தது தற்செயல் இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த வீடானால் இன்னும் எளிது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் கலந்த வண்ணத்தைக் கையால் ஊற்றிச் செய்யும் கல் அது. பூவேலையே தரையில் இருக்கும்போது சுவர் பேசக்கூடாது. அந்தக் கல்லில் மிக வெளிறிய நிறம் எதுவோ அதைச் சுவருக்குக் கொடுங்கள், போதும். மொசைக் தரைக்காரர்கள் குனிந்து அந்தச் சில்லுகளைப் பாருங்கள். உங்கள் திரைச்சீலைக்கான நிறம் அதில் ஒரு சில்லாகக் கிடக்கும்.

அடுத்தது மரம். இங்கே நம்மவர்கள் அதிகம் கேட்பது, "பழைய மரத்துக்கு மேட்ச்சா புதுசு பண்ண முடியுமா" என்று. தாத்தா காலத்து ஈட்டி மர பீரோ ஒன்று இருக்கும், கறுப்போடும் பழுப்புதான். அதற்குப் பக்கத்தில் புதிய டிவி அலமாரியை அதே நிறத்தில் லேமினேட் ஒட்டிச் செய்துவிடுவார்கள். ஏறக்குறைய ஒத்துப்போகும். அந்த 'ஏறக்குறைய'தான் கண்ணை உறுத்துவது. அரக்குச் சேலைக்கு அதைவிட அரைக்கால் நிறம் மாறிய அரக்கு ரவிக்கை போட்டால், 'இவருக்குச் சரியான துணி கிடைக்கவில்லை' என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அதே சேலைக்குப் பாசிப்பச்சை ரவிக்கை போட்டால் நினைத்துச் செய்தது என்று தெரியும். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவர்கள் உடலை ஒரு நிறத்திலும் கரையை முற்றிலும் வேறு நிறத்திலும் வைத்துக் கோர்க்கிறார்கள். மயில்கழுத்து உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை. அந்தத் துணிச்சல் மரச்சாமானிலும் வேண்டும். ஈட்டிக்குப் பக்கத்தில் வெளிறிய மரத்தை வையுங்கள். அல்லது புதியதை மரமாகவே காட்டாமல், சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்துவிடுங்கள்.

புதுத் தேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இழைத்த கையோடு அதில் பசும் சாயலும் கருந்திட்டுகளும் தெரியும். "பழைய கதவு நிறத்துக்கு வரலையே" என்று உடனே ஸ்டெயின் என்கிற மரச்சாயத்தைப் பூசச் சொல்லாதீர்கள். சில மாதம் வெளிச்சம் படட்டும், தேன் நிறத்துக்குத் தானே வந்துவிடும். அவசரப்பட்டுப் பூசிய ஸ்டெயினோடு அதுவும் சேர்ந்தால், பழைய கதவைவிடக் கருத்துப்போகும்.

இனி பூச்சு. நிறத்துக்கு ஒரு மாதம் யோசிக்கிறவர்கள் மேட்டா, பளபளப்பா என்பதற்கு ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. எனக்கு உண்மையில் மனம் வருந்தும் இடம் இது, ஏனென்றால் நிறத்தில் பாதி பூச்சில்தான் இருக்கிறது. ஒரே சாயத்தைப் பட்டிலும் பருத்தியிலும் ஏற்றிப் பாருங்கள். பட்டு ஆழமாகத் தெரியும், பருத்தி தணிந்து தெரியும். காலையில் திண்ணையைக் கழுவிவிட்டதும் சிவப்பு எப்படித் திடீரென்று கனத்துப் போகிறது, காய்ந்ததும் எப்படி வெளிறுகிறது? நிறம் மாறவில்லை, மேற்பரப்புதான் மாறுகிறது. சொரசொரப்பான பரப்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அந்தச் சிதறல் நிறத்தின் மேல் மெல்லிய வெண்திரைபோல் படியும். வழவழப்பான பரப்பு வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பிவிடும்; மற்ற பக்கத்திலிருந்து பார்க்கும்போது உள்ளே இருக்கும் நிறம் முழுசாகத் தெரியும். ஆகவே ஷேட் கார்டில் ஒரே எண்ணாக இருந்தாலும், மேட் எமல்ஷனில் அடித்த சுவரும் எனாமலில் அடித்த கதவும் ஒரே நிறமாக இருக்காது.

அப்பா ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து, மரத்தின் மேல் தேய்த்துக்கொண்டே போவார். ஒரு தேய்ப்புக்கு ஒன்றும் தெரியாது. உப்புத்தாள் போட்டு, திரும்பத் திரும்பத் தேய்த்து, சில நாட்கள் கழித்துத்தான் மரத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவது போல் இருக்கும். "மினுக்கு மேல இருக்கக்கூடாது, உள்ள இருக்கணும்" என்பார். அந்த பாலிஷுக்குத் தண்ணீரும் சூடும் ஆகாது. சூடான காப்பி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதனால் சாப்பாட்டு மேசைக்கு மெலமைனோ, பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சோதான் தாங்கும் என்று நானே சொல்வேன். ஆனால் அதிலும் மேட், சாட்டின் என்று தணிந்த பூச்சு கிடைக்கிறது. நல்ல ரேகை ஓடும் தேக்கின் மேல் கண்ணாடிபோல் பூச்சு ஏற்றினால், மரத்தைப் பார்ப்பதற்குப் பதில் அதில் தெரியும் டியூப் லைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சுவருக்கு நான் பார்க்கும் கணக்கு, கை எங்கே படும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து உரசும் என்பது. கூரைக்கு எப்போதும் மேட். ஒற்றைச் சன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் தடவிச் செல்லும் கூடத்துக்கும் மேட்தான். பளபளப்பு அடித்தால் பட்டி பார்த்ததில் விட்ட மேடு பள்ளமெல்லாம் அலை அலையாகத் தெரியும். சமையலறை, சுவிட்ச் பலகையைச் சுற்றி, மாடிப்படிச் சுவர், குழந்தைகள் சாயும் இடம் ஆகியவற்றுக்குத் துடைக்கத் தாங்கும் சாட்டின். கதவுக்கு வெள்ளை எனாமல் அடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எண்ணெய் கலந்த வெள்ளை நாளாக ஆக மஞ்சளிக்கும், வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் வேகமாக. பழைய கதவில் காலண்டர் தொங்கிய இடத்தைப் பார்த்தால் தெரியும். பளிச்சென்ற வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் அழுக்காகத் தெரியும். சுவரையே கொஞ்சம் வெண்ணெய்ச் சாயலில் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே மூப்படையும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் நிறத்தைப் பற்றிப் பேச முடியாது. இப்போது மார்கழியில் சூரியன் தென்பக்கம் சாய்ந்திருக்கிறது. தெற்குச் சன்னல் வழியே வெயில் கட்டில் வரை வருகிறது. சித்திரை கடந்தால் நம் ஊரில் உச்சி வெயில் வடக்குப் பக்கம் போய்விடும், அதே அறை ஆனியில் வேறு அறை. பொங்கலுக்கு அடிக்கிறவர்கள் இந்தப் பொன்வெயிலை நம்பி நிறம் எடுக்காதீர்கள். எதிர்வீட்டுச் சுவர் ஆரஞ்சாக இருந்தால் உங்கள் கூடத்துக்குள் வருவதும் ஆரஞ்சு வெளிச்சம். மஞ்சள் திரைச்சீலையை இழுத்துவிட்டால் அறை முழுதும் மஞ்சள் தோய்ந்துவிடும். அப்போது நீலச் சுவரை நீலமாகப் பார்க்க முடியாது.

வேலைக்குப் போகிற குடும்பம் தன் கூடத்தைப் பெரும்பாலும் இரவில்தான் பார்க்கிறது. ஆகவே விளக்கும் ஒரு பூச்சுதான். எல்.இ.டி. பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெண்மை. அதன் கீழ் தேக்கு உயிரிழந்து தெரியும். 3000 என்றால் இளமஞ்சள். மரம் பொலியும், செங்கல் நிறமும் மெரூனும் கனியும், வெளிர்நீலத் தலையணை உறை மட்டும் சோர்ந்துபோகும். மரச்சாமான் உள்ள வீட்டுக்கு நான் 3000 அல்லது 4000 என்றே எழுதிக்கொடுப்பேன்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? சிறு டப்பாவில் மாதிரி பெயிண்ட் விற்கிறார்கள். இரண்டு மூன்று நிறம் வாங்குங்கள். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்க்காதீர்கள். சுற்றியிருக்கும் பழைய நிறம் உங்களை ஏமாற்றும். பெரிய சார்ட் அட்டையில் ஓரம்வரை இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் சற்றுக் கருத்த நிறம். அந்த அட்டையைச் சோபாவுக்குப் பின்னால் நிறுத்துங்கள், பிறகு பீரோவுக்குப் பக்கத்தில், பிறகு தரையை ஒட்டி. காலை எட்டு மணிக்கும், பிற்பகல் மூன்றுக்கும், விளக்கேற்றிய பிறகும் பாருங்கள். இரண்டு நிறத்துக்கு நடுவில் தடுமாறினால் வெளிறியதை எடுங்கள். நான்கு சுவரும் ஒன்றன் நிறத்தை ஒன்றின் மேல் வீசிக்கொள்ளும்போது, அட்டையில் பார்த்ததைவிட நிறம் ஒரு படி ஏறித்தான் நிற்கும்.

நிறம் முடிவானதும் ஓர் அறைக்கு வேண்டிய பெயிண்ட்டை மொத்தமாக ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். இரண்டு டப்பா என்றால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே அடிக்கச் சொல்லுங்கள். மிச்சமிருப்பதைச் சின்ன டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடி, மூடியின் மேல் நிறத்தின் எண், பூச்சின் பெயர், எந்த அறை, எந்த மாதம் என்று எழுதி பரணில் வையுங்கள். அடுத்த ஆண்டு பீரோவை நகர்த்தும்போது சுவரில் கீறல் விழும். அன்றைக்கு அது தேவைப்படும்.

வணக்கம்.